வீட்டு ஓவனில் சின்னமன் டோஸ்ட் கிரன்ச்

கிண்ணத்தில் துண்டுகள் எல்லாம் தீர்ந்த பிறகு அடியில் கொஞ்சம் பால் மிஞ்சும். பட்டை வாசனையும் சர்க்கரையும் இறங்கி, லேசாகப் பழுப்பேறிய பால். சின்னமன் டோஸ்ட் கிரன்ச் என்பது பாலில் போட்டுச் சாப்பிடும் அமெரிக்கக் காலை உணவுச் சீரியல், பட்டையும் சர்க்கரையும் பூசிய கோதுமைத் துண்டுகள். அதை வாங்குகிறவர்களில் பலரும் அந்தப் பாலுக்காகத்தான் வாங்குகிறார்கள் என்பது என் நம்பிக்கை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இந்தப் பெட்டி இல்லாத மாதம் குறைவு. பிள்ளைகளுக்கென்று வாங்குவது, பாதி என் கிண்ணத்துக்குத்தான் வரும்.

இதை வீட்டில் செய்ய முடியுமா என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை. காசு மிச்சமாகும் என்பதற்காக இல்லை. மாவு, வெண்ணெய், ஓவன் எரியும் நேரம் எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒரு மெல்லிய கோதுமைச் சதுரம் குளிர்ந்த பாலில் விழுந்த பிறகும் எப்படி மொறுமொறுப்பு குறையாமல் நிற்கிறது, அதே நேரத்தில் பாலுக்கு எப்படி அவ்வளவு சுவையைக் கொடுக்கிறது என்று கையால் செய்து தெரிந்துகொள்ள விரும்பினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான வேலைகள். சர்க்கரை வெளியே போய்ப் பாலில் கரைய வேண்டும். பால் உள்ளே வந்து துண்டை நமத்துப்போக வைக்கக் கூடாது. இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான் இந்தச் செய்முறை முழுவதும்.

பெட்டியில் எழுதியிருப்பது

முதலில் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தேன். அமெரிக்காவில் சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. அதனால் அந்தப் பட்டியலே பாதிச் சமையல் குறிப்பு. முழுக்கோதுமை முதலில் வருகிறது. அடுத்து சர்க்கரை. அப்புறம் அரிசி மாவு, எண்ணெய், ஃபிரக்டோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், உப்பு, பட்டை, இன்னும் சில. ஒரு வேளைக்கான அளவு 41 கிராம். அதில் சர்க்கரை 12 கிராம், கொழுப்பு 4 கிராம். அதாவது எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் சர்க்கரை, 10 சதவீதம் கொழுப்பு.

இதில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, அரிசி மாவு. கோதுமையின் பெயரில் விற்கும் பொருளில் மூன்றாவது இடத்தில் அரிசி இருக்கிறதென்றால் அது மொறுமொறுப்புக்காகத்தான் இருக்க வேண்டும். தட்டையும் முறுக்கும் சுட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, வெண்ணெய் கிடையாது. ரொட்டியை வாட்டி, சூட்டோடு வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அமெரிக்க வீடுகளில் பழைய வழக்கம். சின்னமன் டோஸ்ட் என்றால் அதுதான். அந்தப் பெயரையும் வாசனையையும் எடுத்துக்கொண்டு, வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயை வைத்திருக்கிறார்கள். கடையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டிய பொருளுக்கு அது சரி. என் டப்பா சில நாளில் காலியாகிவிடும். ஆகவே வெண்ணெயைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

சர்க்கரை வெளியே வந்த கதை

காலை உணவுச் சீரியல் இனிப்பாகத் தொடங்கவே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் மருத்துவ விடுதி நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் 1863-இல் செய்த கிரானுலா, முரட்டுக் கோதுமை மாவை இருமுறை சுட்டு உடைத்த கட்டிகள்தான். இரவே பாலில் ஊறப் போட்டால்தான் காலையில் மெல்ல முடியும். மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் சுகாதார விடுதி நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக்குக்குச் சர்க்கரை என்றாலே ஆகாது. 1906-இல் தனியே கார்ன் ஃபிளேக்ஸ் நிறுவனம் தொடங்கிய அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக் அதில் சர்க்கரை சேர்த்தார். அண்ணன் தம்பிச் சண்டையில் அதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் அது மாவோடு கலந்த சர்க்கரை. துண்டின் மேலே பூசிய சர்க்கரை என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பெரிதாக வந்தது. 1949-இல் போஸ்ட் நிறுவனத்தின் சுகர் கிரிஸ்ப், 1952-இல் கெல்லாக்ஸின் சுகர் ஃபிராஸ்டட் ஃபிளேக்ஸ், 1953-இல் அதே நிறுவனத்தின் சுகர் ஸ்மாக்ஸ். கடைசியாகச் சொன்னதில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பெயரிலேயே சர்க்கரையை எழுதி விற்ற காலம்.

1970-இல் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழுவின் முன், இந்தச் சீரியல்களில் பெரும்பாலானவற்றில் சத்து என்று சொல்ல அதிகம் இல்லை என்று சாட்சி சொன்னார். 1978-இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சிறுவர்களைக் குறிவைக்கும் இனிப்பு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 1980-இல் நாடாளுமன்றமே தலையிட்டு ஆணையத்தின் கையைக் கட்டிவிட்டது. ஆனால் நிறுவனங்களுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துவிட்டது. 1980-களில் சுகர் ஃபிராஸ்டட் ஃபிளேக்ஸ் வெறும் ஃபிராஸ்டட் ஃபிளேக்ஸ் ஆனது. சுகர் ஸ்மாக்ஸ் ஹனி ஸ்மாக்ஸ் ஆனது.

இந்த இடத்தில் நான் கவனித்த ஒன்று: பெயரிலிருந்து சர்க்கரை வெளியேறிய அதே காலத்தில் பெயருக்குள் பலகாரம் நுழைந்தது. 1977-இல் ரால்ஸ்டன் ப்யூரினா கொண்டுவந்த குக்கி கிரிஸ்ப், சின்னச் சின்ன சாக்லேட் சிப் பிஸ்கட்டுகள் ஒரு கிண்ணம் நிறைய. 1984-இல் ஜெனரல் மில்ஸின் சின்னமன் டோஸ்ட் கிரன்ச். சர்க்கரை என்று சொன்னால் தாய்மாருக்கு உறுத்தும். சின்னமன் டோஸ்ட் என்றால் அவர்களுடைய அம்மா சுட்டுக் கொடுத்தது ஞாபகம் வரும். வெண்டல் என்ற சமையல்காரர் தாத்தாவை விளம்பரத்தில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும் சுவை இது என்று சொன்னார்கள். துண்டின் மேல் பட்டை கோடுகோடாக ஓடுவது உண்மையில் கண்ணுக்குத் தெரியும். நான் செய்வதிலும் அது தெரிய வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மாவு

முதல் சுற்றை வேண்டுமென்றே எளிமையாக வைத்தேன். சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டா மாவு மூன்று பங்கில் இரண்டு, அரிசி மாவு ஒரு பங்கு, கொஞ்சம் சர்க்கரை, உப்பு, எண்ணெய். சாதாரணத் தண்ணீரில் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, வெட்டிச் சுட்டேன். பார்க்க அழகாக வந்தது. கடித்தால் கடக்கென்று உடைந்தது. ஆனால் அந்த உடைப்பில் ஒரு கடினம் இருந்தது, மொறுமொறுப்பு இல்லை. பாலில் போட்டதும் நிலைமை தலைகீழ். ஓரங்கள் உடனே சொதசொதவென்று ஆகின, நடுப்பகுதி மட்டும் பச்சை மாவு வாசனையோடு கெட்டியாக நின்றது.

அரிசி மாவு வேகாமல் இருப்பதுதான் காரணம். தொழிற்சாலைகளில் சீரியல் மாவை முதலில் நீராவியில் முழுதாக வேகவைத்து, அதன் பிறகே உருளைகளில் தட்டி, சூட்டில் பொரிய வைக்கிறார்கள். வெந்த மாவுச்சத்து சூடு பட்டுத் தண்ணீரை இழக்கும்போது கண்ணாடி போன்ற ஒரு நிலைக்கு வந்து உடையும். வேகாத மாவில் அது முழுமையாக நடக்காது. என் மாவில் இருந்த தண்ணீர் போதாது, ஓவனில் இருந்த நேரமும் குறைவு.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அடுப்படிக்கு வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

“அரிசி மாவு வேகலையேம்மா. கொழுக்கட்டைக்குக் கிளறுற மாதிரி வெந்நீர்ல கிளறிக்கோ. அப்புறமா கோதுமையைச் சேர்த்துப் பிசை.”

“அப்படிப் பண்ணா தேய்க்க வருமாங்க அத்தை? விரியாதே.”

“கோதுமை இருக்குல்ல, அது பிடிச்சுக்கும். சூடு ஆறுறதுக்குள்ள பிசைஞ்சிரு.”

அதுதான் தீர்வு. எனக்கு இப்போது கைவந்திருக்கும் அளவு இது: 100 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் 30 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போட்டு, 60 கிராம் அரிசி மாவைக் கொட்டித் தீயைக் குறைத்துக் கிளறவேண்டும். மாவு பாத்திரத்தை விட்டு உருண்டு வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் 120 கிராம் ஆட்டா, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள் சேர்த்துப் பிசைய வேண்டும். வறண்டு போனால் ஒரு கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். சோடா உப்ப வைப்பதற்காக மட்டும் இல்லை. மாவு லேசாகக் காரத்தன்மைக்குப் போனால் ஓவனில் சீக்கிரம் சிவக்கும். வாட்டிய ரொட்டியின் வாசனை அந்தச் சிவப்பிலிருந்துதான் வருகிறது. அளவு கூடினால் சோப்பு வாடை அடிக்கும் என்பதால் கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம்.

வெந்நீரில் பிசைவதால் இன்னொரு நன்மையும் உண்டு. சூட்டில் கோதுமையின் பசைத்தன்மை கொஞ்சம் அடங்கிவிடுகிறது. தேய்த்த மாவு திரும்பச் சுருங்குவதில்லை. ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைத்தால் போதும்.

தேய்ப்பது, வெட்டுவது, காயவைப்பது

மாவை நான்கு உருண்டையாகப் பிரித்து, பட்டர் பேப்பரின் மேலேயே வைத்து, சப்பாத்திக் கட்டையால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தேன். தேய்த்த பிறகு தூக்கி மாற்ற முடியாது, கிழியும். பேப்பரோடு அப்படியே ட்ரேயில் வைப்பதுதான் வழி. கனம் சீராக இருப்பது ரொம்ப முக்கியம். ஓரம் மெலிந்து நடு தடித்தால் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும். பாஸ்தா மெஷின் வைத்திருப்பவர்கள் அதில் விட்டு எடுக்கலாம்.

அடுத்து, முள்கரண்டியின் முதுகால் மாவின் மேல் நெருக்கமாகக் கோடு போட்டேன். அந்தப் பள்ளங்களில்தான் பின்னால் சர்க்கரையும் பட்டையும் போய் உட்காரும். அப்புறம் முள்கரண்டி நுனியால் அங்கங்கே குத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆவி சேர்ந்து உப்பிக்கொள்ளும். வெட்டுவதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த சோமாசிக் கரண்டி இருந்தது. அதன் நெளிச் சக்கரத்தால் நேராக ஓட்டினால் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்கள் நெளிவிளிம்போடு வந்துவிடும். வேலை கச்சிதம். பெட்டியில் வருகிற துண்டுகளைவிட இவை அழகு என்று எனக்குத் தோன்றுகிறது.

175 டிகிரி செல்சியஸ், அதாவது 350 ஃபாரன்ஹீட்டில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் பொன்னிறமாகத் திரும்பும்போது எடுத்து, துண்டுகளைப் பிரித்துப் பரப்பி, சூட்டை 120 டிகிரிக்குக் குறைத்துத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். பார்க்க வெந்து சிவந்த துண்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கும். ஆறியதும் அது நடுவிலிருந்து விளிம்புக்குப் பரவி எல்லாவற்றையும் நமத்துப்போக வைத்துவிடும். கடைச் சீரியலில் இரண்டு மூன்று சதவீத ஈரம்தான் விடுவார்கள். வீட்டில் ஈரத்தை அளக்கக் கருவி இல்லை, ஆனால் தராசு இருக்கிறது. ட்ரேயோடு எடை போட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி எடை போட்டேன். எடை இறங்குவது எப்போது நிற்கிறதோ அப்போது காய்ந்துவிட்டது. என் ஓவனில் இதற்கு அரை மணி நேரத்தை ஒட்டி ஆகிறது.

பூச்சு

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட்டதில் வருத்தமும் இல்லை.

1963-இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் கேப்டன் கிரன்ச் என்ற சீரியலைக் கொண்டுவந்தது. அதன் சுவையை உருவாக்கியவர் பமீலா லோ. ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தில் சுவை வல்லுநராக வேலை பார்த்தவர். நியூ ஹாம்ப்ஷயரின் டெரி ஊரில் அவருடைய பாட்டி, சோற்றின் மேல் வெண்ணெயும் பிரவுன் சுகரும் சேர்த்த பாகை ஊற்றிக் கொடுப்பாராம். அந்தச் சுவையைத்தான் அவர் சீரியலுக்குள் கொண்டுவந்தார். சுவையைத் துண்டில் ஏற்றுவதற்கு எண்ணெய்ப் பூச்சைப் பயன்படுத்திய முன்னோடிச் சீரியல்களில் அதுவும் ஒன்று. பிற்காலத்துப் பலகாரச் சீரியல்களுக்கெல்லாம் இது ஒரு வழிகாட்டி என்றே நினைக்கிறேன். சர்க்கரைப் பூச்சு இனிப்பைக் கொடுக்கும். கொழுப்புதான் வாசனையைப் பிடித்துவைக்கும், பாலையும் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்திவைக்கும்.

பாட்டி செய்ததை நானும் செய்து பார்த்தேன். சூடான சோறு, ஒரு துண்டு வெண்ணெய், ஒரு கரண்டி பிரவுன் சுகர். சர்க்கரைப் பொங்கலில் வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகவே இல்லை. அந்த ஒரு வாய்ச் சோறு எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது: வெண்ணெயும் சர்க்கரையும் தனித்தனியே பூசப்படக் கூடாது, ஒன்றாக உருகிச் சேர வேண்டும்.

ஆகவே மூன்று விதமாகப் பூசி, ஒரே பாலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் விதம், உருக்கிய வெண்ணெயில் பிரட்டி மேலே சர்க்கரையும் பட்டையும் தூவியது. வெறுமனே சாப்பிட இதுதான் அருமை. பாலில் விழுந்ததும் சர்க்கரை முழுக்க நொடியில் இறங்கிவிடுகிறது, பால் பிரமாதம், ஆனால் இரண்டு நிமிடத்தில் துண்டு தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது, வெறும் சர்க்கரைப் பாகு. சீனிச்சேவில் பாகு பூத்து வெள்ளையாக ஒட்டுகிற மாதிரி அழகாக ஒட்டியது. துண்டு பாலில் நன்றாகத் தாங்கியது. ஆனால் பட்டை வாசனை மங்கிப்போனது, பாலிலும் வெறும் இனிப்புதான். பட்டையின் வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் பாகில் மட்டும் போட்டால் பலன் இல்லை.

மூன்றாவது விதம்தான் நிலைத்தது. 30 கிராம் உப்பில்லாத வெண்ணெயை உருக்கி, நெய் காய்ச்சுவது போலப் பொங்கி அடங்கும்வரை விட வேண்டும். அமெரிக்க வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் துண்டில் போய்ச் சேர்ந்தால், அரை மணி நேரம் காயவைத்ததெல்லாம் வீண். அடியில் கசடு செம்பழுப்பாகும்போது இறக்கி, வடிகட்டாமல் கசடோடு, சூட்டிலேயே இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூளைப் போட வேண்டும். வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் பட்டால் வரும் வாசனை அந்தக் கசடில்தான் இருக்கிறது. நெய் கடையில் வாங்கியது இருக்கிறதே என்று ஊற்றினால் இது கிடைக்காது.

இன்னொரு பாத்திரத்தில் 40 கிராம் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் கம்பிப் பதம் வரும்வரை. வந்ததும் பட்டை வெண்ணெயை அதில் ஊற்றி வேகமாகக் கலக்கி, சூடான துண்டுகளின் மேல் கொட்டி, அகலமான பாத்திரத்தில் விடாமல் பிரட்ட வேண்டும். பிரட்டப் பிரட்டப் பாகு பூக்கும். முழுதாகக் காய்வதற்குள் 20 கிராம் மிருதுவான சர்க்கரையையும் ஒரு சிட்டிகைப் பட்டையையும் தூவி, மறுபடி 120 டிகிரியில் பத்து நிமிடம். ஒட்டிக்கொண்ட துண்டுகளைச் சூட்டிலேயே பிரித்துவிட வேண்டும், ஆறினால் உடைத்தாலும் வராது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 300 கிராம் அளவுக்கு வருகிறது. அதில் சர்க்கரை 90 கிராம். பெட்டியில் இருக்கும் அதே விகிதம். கொழுப்பு மட்டும் பெட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். சர்க்கரையைக் குறைத்தும் ஒரு சுற்று செய்தேன். துண்டு நன்றாகத்தான் இருந்தது, பால்தான் ஏமாற்றியது. இது இனிப்புப் பண்டம் என்று ஒப்புக்கொண்டு சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுவதுதான் சரி. பெட்டியில் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் சேர்த்திருக்கிறார்கள், வீட்டில் செய்ததில் அது கிடையாது. இதைக் காலைச் சாப்பாடாகப் பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்க நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும்தான் இது.

எந்தப் பட்டை

அமெரிக்கக் கடைகளில் சின்னமன் என்று விற்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா வகை. தடித்த பட்டை, காரமான நெடி. இலங்கையின் கறுவா மெல்லிய சுருள்களாக வரும், வாசனையும் மென்மை. முழுக்க இலங்கைப் பட்டையில் ஒரு சுற்று செய்தேன். நுகர்ந்தால் அருமையாக இருந்தது. ஆனால் சர்க்கரைக்கும் சிவந்த வெண்ணெய்க்கும் நடுவில் அந்த மென்மை அமுங்கிப்போனது. இந்தச் சீரியல் என்று நாக்கு எதிர்பார்க்கிற நெடி காசியாவினுடையது.

ஆனால் காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் காலைச் சீரியலில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூமரின் இருக்கக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறது. இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். ஆகவே மாவுக்குள் போவது முழுக்க இலங்கைப் பட்டை, வெண்ணெயில் போவது பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டேன். வாசனை குறையவில்லை. இலங்கைக் கடைகளில் பட்டையாக வாங்கி, அப்போதைக்கப்போது வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கிப் பொடித்துச் சலித்தால் தூளாக வாங்குவதைவிடப் பல மடங்கு மணம்.

பாலில் போட்டுப் பார்த்தது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முழுக்கொழுப்புப் பாலில், பூச்சோடு கூடிய துண்டு ஐந்து நிமிடம் வரை மொறுமொறுப்பாக நின்றது. நடுப்பகுதி அதற்கு மேலும் தாங்கியது. ஒரு கிண்ணத்தைச் சாப்பிட்டு முடிக்க அது போதும். பால் மெல்ல மெல்ல நிறம் மாறுகிறது. முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் வேறு வேறு சுவை. எனக்கு இதுதான் இந்த வகைச் சீரியலின் உண்மையான கவர்ச்சி. கேக்கோ ஐஸ்கிரீமோ ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே பண்டம். இது கிண்ணத்தில் இருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கிறது, அவசரப்படவும் வைக்கிறது.

சுடுபாலிலும் போட்டேன். ஒரு நிமிடம்கூட இல்லை, எல்லாம் கூழ். சூட்டில் கொழுப்புப் படலம் உருகி விலகிவிடுகிறது, மாவுச்சத்தும் வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. 1994-இல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது பட்ட பாடு இதுதான். நம் வீடுகளில் காலையில் பால் என்றால் காய்ச்சிய சூட்டோடு இருக்கும். அதில் கார்ன் ஃபிளேக்ஸ் விழுந்தால் என்ன ஆகும்! அத்தையும் சுடுபாலில்தான் முதலில் கேட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இதுக்கு எதுக்கும்மா பாலு, அப்படியே கொடு” என்று கையில் வாங்கிக்கொண்டார். காபியோடு அவருக்கு அது தினசரிப் பலகாரமாகிவிட்டது.

இதே மாவில் இந்தச் சீரியலின் அண்ணன் தம்பி வகைகளையும் செய்யலாம். 1995-இல் ஜெனரல் மில்ஸ் ஃபிரெஞ்ச் டோஸ்ட் கிரன்ச் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, குட்டிக் குட்டி ரொட்டித் துண்டு வடிவில், மேப்பிள் வாசனையோடு. 2006-இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். கனடாவில் தொடர்ந்து கிடைத்தது. ஆட்கள் கேட்டுக் கேட்டு 2014 கடைசியில் திரும்ப வந்தது. ஓரியோ பிஸ்கட் சுவையில் வந்த ஓரியோ ஓஸ் சீரியலின் கதை இன்னும் விசித்திரம். போஸ்ட், கிராஃப்ட் நிறுவனங்களுக்கு இடையே இருந்த ஏற்பாடு முடிந்ததும் 2007-இல் அமெரிக்காவில் நின்றுபோனது. தென் கொரியாவில் டோங்சோ நிறுவனம் மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் பிள்ளைப்பருவச் சீரியலைக் கொரியாவிலிருந்து இணையத்தில் வரவழைத்துச் சாப்பிட்டார்கள், 2017-இல் அது ஊர் திரும்பும் வரை. ஒரு பெட்டிச் சீரியலுக்காக இவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்பவர்களுக்கு, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நாம் வாங்கிவரச் சொல்லும் பட்டியலைத்தான் காட்ட வேண்டும்.

பாகில் சர்க்கரைக்குப் பதில் பாதி மேப்பிள் சிரப் ஊற்றி ஃபிரெஞ்ச் டோஸ்ட் வகையையும் முயன்றேன். மேப்பிள் பாகு பூக்காமல் கண்ணாடியாக இறுகுகிறது, கையில் பிசுபிசுக்கிறது. இரண்டாம் முறை ஓவனில் கூடுதலாகப் பத்து நிமிடம் விட்டால் சரியாகிவிடும். சுவை நன்று, ஆனால் பால் விஷயத்தில் பட்டைக்கு ஈடில்லை.

உடைந்த துண்டும் தூளும் எப்படியும் சேரும். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். நியூயார்க்கின் மில்க் பார் கடையில் கிறிஸ்டினா டோசி, கார்ன் ஃபிளேக்ஸை வறுத்துப் பாலில் ஊறவைத்து வடிகட்டி, பிரவுன் சுகரும் உப்பும் சேர்த்து, சீரியல் பால் என்று தனியாகவே விற்றுப் பெயர் வாங்கினார். அதே முறையில் ஒரு கை உடைசலை இரண்டு டம்ளர் குளிர்ந்த பாலில் 20 நிமிடம் ஊறவைத்து, அழுத்தாமல் வடிகட்டுகிறேன். அழுத்தினால் மாவு இறங்கிப் பால் கொழகொழப்பாகும். ஒரு சிட்டிகை உப்பு அவசியம். சர்க்கரை மேற்கொண்டு வேண்டியதில்லை. இந்தப் பாலில் சேமியா பாயசம் வைத்தால் எப்படி இருக்கும் என்று அத்தை கேட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை வைக்கப்போகிறோம்.

செய்து வைப்பவர்களுக்கு: முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், கொஞ்சம் சூடு இருந்தாலும் உள்ளே வியர்த்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது. வெண்ணெய் இருப்பதால் அதற்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வரும். சென்னை மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நமத்துப்போகும். அப்போது 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லை மிகக் குறைந்த தீயில் வைத்து, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, அடிக்கடி புரட்டினாலும் போதும். சர்க்கரை உருகத் தொடங்குவதற்கு முன் இறக்கிவிடுங்கள்.